‘பிறகு பார்ப்போம்’ என்பதற்கு ஒரு திகதி வேண்டும்

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறிச் செய்த ஒரு காரியம் எப்படிச் சிதறியது என்பதையும், அதைப் பொறுக்கிச் சேர்க்கும்போது நான் கற்றுக்கொண்டதையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் படிக்கும் எனக்கு இது பரீட்சை வினா அல்ல. என் கையால் செய்த ஒரு தவறு.

எங்கள் ஊர் பூநகரிப் பிரதேசத்திலுள்ள நாச்சிக்குடா. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. யுத்தம் முடிந்த பின் வாப்பாவும் மாமாவும் திரும்பி வந்தார்கள். ஆனால் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்னும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கொழும்பிலும்தான் இருக்கிறார்கள். ஊரை விட்டாலும் ஊரின் ருசியை விட முடியாது அல்லவா? நோன்பு வந்தால் கஞ்சிக்குப் பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி வேண்டும், பெருநாளைக்கு நல்ல கருவாடும் காய்ந்த றாலும் வேண்டும் என்று மாமாவின் கடைக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருக்கும். மாமா அவற்றைக் கொப்பியில் எழுதி, பொதி கட்டி, பஸ்ஸில் போட்டு அனுப்புவார்.

சென்ற வருடம் நோன்பு விடுமுறைக்கு விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனபோது மாமா என்னிடம், “மகள், நீங்க கம்பியூட்டர் படிக்கிறீங்கதானே. ஆக்கள் தாங்களே ஓடர் போடுற மாதிரி ஒன்று செஞ்சு தாங்கோ. ஆனா பத்தாம் நோன்புக்குள்ள வேணும். பெருநாள் முடிஞ்சு வந்து என்ன பிரயோசனம்?” என்றார்.

மாமா கேட்டது நியாயமானது. பிறை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வியாபாரத்தில் காலக்கெடு என்பது முதலாளியின் பிடிவாதம் மட்டுமல்ல. பருவம், பணம், வாடிக்கையாளரின் தேவை ஆகிய மூன்றும் சேர்ந்து வைக்கும் கெடு அது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இணையத்தளமும் இணையச் செயலியும்

இணையத்தளம், இணையச் செயலி என்ற இரண்டையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். படித்துவிட்டுப் போவதற்கு மட்டும் உள்ள பக்கம் சுவரில் ஒட்டிய விளம்பரம் போன்றது. இணையச் செயலியோ கடை போன்றது. அங்கே வருகிறவர் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் போன்றவற்றைத் தருகிறார். செயலி அவற்றை வாங்கித் தரவுத்தளத்தில் வைத்து, கேட்கும்போது எடுத்துக் காட்டுகிறது. வாங்கி வைக்கும் அந்த நொடியிலிருந்து ஒரு பொறுப்புத் தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் அதற்குச் சொல்லும் சொல் அமானிதம்.

நான் பி.எச்.பி. மொழியிலும் மைஎஸ்.க்யூ.எல். தரவுத்தளத்திலும் எழுதத் தொடங்கினேன். பொருட்களின் படம், விலை, ஓடர் படிவம், கடைசியில் ஒரு பில். அந்தப் பில்லைப் பார்ப்பதற்கான இணைப்பு வாடிக்கையாளரின் வட்ஸ்அப்புக்குப் போகும். அதற்குக் கடவுச்சொல் வைக்கலாம் என்றேன். “வயசான ஆக்கள் பாஸ்வேர்ட் ஞாபகம் வைப்பினமா? மறந்தா எனக்குத்தான் போன் எடுப்பினம்” என்றார் மாமா. அதுவும் நியாயமானதுதான்.

ஒன்பதாம் நோன்பு இரவு என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘பிறகு செய்ய வேண்டியவை’ என்று எழுதி நான்கு விடயங்களைக் குறித்தேன். பில்லைப் பார்க்கிறவர் அந்த ஓடரைப் போட்டவர்தானா என்று சோதிப்பது, மாமாவின் நிர்வாகக் கடவுச்சொல்லை மறைத்துச் சேமிப்பது, தரவுகளுக்குப் பிரதி எடுப்பது, படங்களைச் சிறிதாக்குவது. பத்தாம் நோன்பன்று செயலி வெளியானது. மாமா மகிழ்ந்தார். நானும் அந்தக் கொப்பியை மூடினேன்.

ஓர் இலக்கம் செய்த வேலை

இருபத்துநான்காம் நோன்பன்று புத்தளத்திலிருந்து ஒரு பெண் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் ஓர் ஆசிரியை. தன் பில்லின் இணைப்பை வேறொரு போனில் தட்டெழுதும்போது கடைசி இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டாராம். திரையில் வந்தது வேறு ஒருவரின் பில். பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. “தம்பி, இத உடனே மூடுங்க. இதில பொம்பிளைப் பிள்ளைகளின்ட நம்பரும் இருக்கு” என்று சொல்லிவிட்டு, வேறு யாரிடமும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். முதல் ஓடருக்கு 1, அடுத்ததற்கு 2 என்று நான் வரிசையாக இலக்கம் கொடுத்திருந்தேன். அந்த இலக்கமே இணைப்பின் முடிவில் இருந்தது. 17 என்று முடியும் இணைப்பை 18 என்று மாற்றினால் அடுத்தவரின் பில் திறக்கும். கேட்கிறவர் யார் என்று என் செயலி ஒருபோதும் கேட்கவில்லை. விடுதியில் என் அறை இலக்கத்தைச் சொன்னதும் திறப்பைத் தந்தார்கள் என்பதற்காக, அடுத்த அறை இலக்கத்தைச் சொன்னாலும் அதன் திறப்பைத் தருவது போன்றது இது.

இதற்கு ‘அணுகல் கட்டுப்பாடு உடைதல்’ என்று பெயர். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் எனும் சர்வதேச அமைப்பு, மிக முக்கியமான பத்து ஆபத்துகளின் பட்டியலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது இந்தக் குறைபாடுதான். பெரிய மந்திர வித்தை எதுவும் தேவையில்லை. ஓர் இலக்கத்தை மாற்றத் தெரிந்தால் போதும்.

அன்றிரவே செயலியை மூடினோம். அதுவரை ஓடர் போட்டவர்கள் 43 பேர். தராவீஹ் முடிந்த பின் மாமாவும் நானும் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னோம். பலர், “பரவாயில்லை மகள்” என்றார்கள். ஒருவர் மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தனக்கு இரண்டு கிழமையாக இரவில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வருகிறது, வீட்டில் தன்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்றார். அந்த அழைப்பு எங்கள் பக்கத்திலிருந்து போன இலக்கத்தால் வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று சொல்ல எங்களிடம் எந்தப் பதிவும் இருக்கவில்லை. “எங்களால் இல்லை” என்று சொல்ல முடியாமல் இருந்ததுதான் எனக்கு மிகப் பெரிய தண்டனை.

பெரிய இடங்களிலும் இதே கதை

அனுபவம் இல்லாத மாணவி என்பதால்தான் இப்படி நடந்தது என்று முதலில் நினைத்தேன். தேடிப் படித்தபோது, என் கொப்பியின் கடைசிப் பக்கம் பெரிய நிறுவனங்களிடமும் இருப்பதை அறிந்தேன்.

2023 ஓகஸ்டில் எங்கள் நாட்டின் ‘லங்கா அரசாங்க கிளவுட்’ எனும் முறைமை, கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. இத்தகைய நிரல் தரவுகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும். அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடங்கும். முறைமையை விரைவாக மீட்டெடுத்தார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. இணைந்திருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டிருந்தன. அங்கே பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 எனும் பழைய மென்பொருள். 2021ஆம் ஆண்டு முதலே அதைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய சில தீர்மானங்களாலும் அது தாமதமானதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கமளித்தது.

பணம் இல்லை என்பது பொய்க் காரணம் அல்ல. நாடு எரிபொருள் வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் தாக்க வருபவர் எங்கள் வரவு செலவுத் திட்டத்தைப் பார்த்து வருவதில்லை.

அமெரிக்காவின் ஈக்விபாக்ஸ் நிறுவனம் மக்களின் கடன் விவரங்களைச் சேகரித்து வைப்பது. அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் எனும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பது 2017 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, அதை அடைக்கும் திருத்தமும் அப்போதே இலவசமாக வெளியிடப்பட்டது. நிறுவனத்தின் ஒரு செயலியில் அந்தத் திருத்தம் போடப்படாமல் விடுபட்டது. மே மாதத்தில் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதி வரை இருந்தார்கள். சுமார் 14 கோடி 70 இலட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. 2019இல் ஏற்பட்ட இணக்கப்பாட்டின்படி நிறுவனம் குறைந்தது 57 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டு கதைகளிலும் செய்ய வேண்டிய வேலை என்ன என்பது முன்பே தெரிந்திருந்தது. என் கொப்பியிலும் தெரிந்துதான் இருந்தது. அறியாமையைவிட, அறிந்ததைத் தள்ளிப்போடுவதே கூடுதலான ஆபத்து.

மறுபக்கம் நடந்த உதாரணமும் உண்டு. 2001இல் ‘கோட் ரெட்’, ‘நிம்டா’ எனும் கணினிப் புழுக்கள் மைக்ரோசொப்டின் மென்பொருட்கள் வழியாக உலகெங்கும் பரவின. அதன்பின் 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார். புதிய வசதியா, பாதுகாப்பா என்ற கேள்வி வந்தால் பாதுகாப்பையே தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். தொடர்ந்து விண்டோஸ் பிரிவு சில வாரங்கள் புதிய வேலைகளை நிறுத்திவைத்து, எழுதிய நிரல்களைத் திரும்பப் பார்த்தது. இலாபத்துக்காக இயங்கும் ஒரு நிறுவனம் தன் காலக்கெடுவைத் தானே தள்ளிவைத்தது. நம்பிக்கை போனால் வியாபாரமும் போய்விடும் என்ற கணக்கு அதில் இருந்தது.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது?

கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்யும் என் பெரியம்மாவின் மகளிடம் நடந்ததை அழுதுகொண்டு சொன்னேன். ராத்தா திட்டவில்லை. “எங்கட இடத்திலயும் ஒவ்வொரு கிழமையும் இதே சண்டைதான். நீ எதைப் பிறகுக்கு விட்டாய் எண்டதுதான் பிழை, விட்டது பிழையில்லை” என்றா.

அதன் பொருள் வாப்பா மூலம்தான் எனக்கு விளங்கியது. கடலுக்குப் போக நேரம் பிந்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “வலையைக் குறைச்சுக் கொண்டு போவன். எஞ்சினைப் பார்க்காமப் போக மாட்டன்” என்றார்.

இதுதான் நான் சொல்ல வந்த விடயம். நேரம் போதாவிட்டால் வசதிகளைக் குறைக்கலாம், பூட்டுகளைக் குறைக்கக் கூடாது. அன்று நான் படங்களை அழகாக அடுக்குவதற்கு இரண்டு இரவுகள் செலவழித்தேன். படமே இல்லாமல் பெயரும் விலையும் மட்டும் போட்டிருந்தாலும் கருவாடு விற்றிருக்கும். பில் பக்கத்தையே விட்டுவிட்டு, மாமா வட்ஸ்அப்பில் தொகையை எழுதி அனுப்பியிருக்கலாம்.

எது வசதி, எது பூட்டு என்று பிரித்தறிய நான் இப்போது ஒரு கேள்வியைப் பயன்படுத்துகிறேன். ‘இது பிழைத்தால் நட்டப்படுவது யார்?’ படம் தெரியாவிட்டால் நட்டம் மாமாவுக்கு. தன் பணத்தைத் தான் பணயம் வைக்க மாமாவுக்கு உரிமை உண்டு. ஆனால் தொலைபேசி இலக்கம் வெளியேறினால் நட்டம் அந்த இரவு அழைப்பைக் கேட்டு நடுங்கும் பெண்ணுக்கு. பத்தாம் நோன்பு என்ற கெடுவைத் தீர்மானித்தபோது யாரும் அவரைக் கேட்கவில்லை. தன்னுடையதைப் பணயம் வைக்கலாம், அமானிதத்தை வைக்க முடியாது.

அடுத்து, பாதுகாப்பு எப்போதும் அதிக நேரம் எடுக்கும் என்பதும் முழு உண்மை அல்ல. சில உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, கேட்காத தரவு களவு போகாது. பஸ்ஸில் பொதி அனுப்புவதற்கு எந்தத் தரிப்பில் எடுப்பார்கள் என்று தெரிந்தால் போதும். வீட்டு முகவரி தேவையே இல்லை. ஆனால் நான் மற்றப் படிவங்களைப் பார்த்து அடையாள அட்டை இலக்கம்கூடக் கேட்க இருந்தேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவையே சேகரிக்க வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டுள்ளது. படிவத்தில் ஒரு பெட்டியை நீக்குவதால் வேலையும் குறைகிறது, ஆபத்தும் குறைகிறது.

இரண்டாவது, தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதும் முறை. பெயரைக் கேட்கும் பெட்டியில் ஒருவர் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதினால், கவனமில்லாத செயலி அதையே நிறைவேற்றி முழு அட்டவணையையும் கொட்டிவிடக்கூடும். எஸ்.க்யூ.எல். உட்செலுத்தல் எனப்படும் இது 1990களின் இறுதியிலிருந்தே அறியப்பட்டது. கட்டளையை முதலில் தயார்செய்து, பயனர் தருவதை வெறும் பெறுமானமாக மட்டும் பிறகு கொடுத்தால் இதைத் தடுக்கலாம். இரண்டு வரிகள்தான் கூடும்.

மூன்றாவது, கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் ஒருவழியாக மாற்றிச் சேமிப்பதற்கு பி.எச்.பி.யிலேயே ஆயத்தமான செயற்கூறு உண்டு. அதை அழைக்க ஒரு வரி போதும்.

நான்காவது, தேவைக்கு ஏற்ற பூட்டைத் தேடுவது. வயதானவர்களுக்குக் கடவுச்சொல் சிரமம் என்ற மாமாவின் தேவையை மறுக்காமலே அந்த ஓட்டையை அடைக்க முடிந்தது. 1, 2, 3 என்ற வரிசை இலக்கத்துக்குப் பதிலாக யாராலும் ஊகிக்க முடியாத 32 எழுத்துகளை எழுந்தமானமாக உருவாக்கி இணைப்பில் வைத்தேன். 14 நாட்களில் அந்த இணைப்புக் காலாவதியாகும். பில்லில் தொலைபேசி இலக்கத்தின் கடைசி 3 இலக்கங்கள் மட்டுமே தெரியும். வாடிக்கையாளர் முன்போலவே ஒரு தட்டில் திறக்கிறார். இதைச் செய்ய எனக்கு ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை. ஒன்பதாம் நோன்பு இரவே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போதுதான் மனம் வலிக்கிறது.

இவ்வளவும் செய்த பின்னரும் சில வேலைகள் மிஞ்சத்தான் செய்யும். எந்தச் செயலியும் முழுமையாக வெளிவருவதில்லை. மிஞ்சியதை எழுதி வைக்க வேண்டும். எழுதும்போது மூன்று விடயங்கள் வேண்டும். வேலை என்ன, யார் செய்வது, எந்தத் திகதிக்குள். திகதி இல்லாத ‘பிறகு’ என்பது ‘ஒருபோதும் இல்லை’ என்பதன் மரியாதையான பெயர்.

ஓட்டையைக் கண்டவர் செய்ய வேண்டியது

2016 ஓகஸ்டில் எங்கள் நாட்டு ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து ஒரு செய்தியைப் பதித்தார்கள். உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் நடத்தும் யோசனை புத்தாண்டுடன் மோதுகிறது, அதை மாற்ற வேண்டும் என்பதும், இலங்கை இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டும் என்பதும் அதிலிருந்த கோரிக்கைகள். அது தொடர்பில் கைதானவர்களில் ஒருவர் 17 வயது மாணவன். என் வயது. அவர் சொன்ன இரண்டு விடயங்களும் தவறானவை அல்ல. சொன்ன வழிதான் அவரைக் குற்றவாளிக் கூண்டுக்குக் கொண்டுபோனது. அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம்.

புத்தளத்து ஆசிரியையும் ஒரு திறந்த கதவைத்தான் கண்டார். அவர் அடுத்த பில்லைத் திறந்து பார்க்கவில்லை, படம் பிடித்து முகநூலில் போடவில்லை. உரியவருக்குத் தொலைபேசி எடுத்தார். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் இலங்கை சேர்ட் எனும் அரச நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். எங்களைக் காப்பாற்றியது தொழினுட்பம் அல்ல, அந்தப் பெண்ணின் பண்பு. ஆனால் எல்லா நாளும் அப்படி ஒருவர்தான் கதவைக் காண்பார் என்று நம்பியிருக்க முடியாது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் செயலியை மீண்டும் திறந்தோம். படங்கள் குறைவு. ஒரு பக்கம் இன்னும் முடியவில்லை. இம்முறை மாமா, “எப்ப முடியும்?” என்று கேட்பதற்கு முன், “இதில ஆருடைய நம்பரும் வெளியால தெரியுமா?” என்று கேட்டார். தானே ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, “நீங்களும் ஒருக்கா உடைச்சுப் பாருங்கோ” என்றும் சொன்னார். எழுதியவரின் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இன்னொருவரின் கண்ணுக்குத் தெரியும்.

எங்களில் பலர் நாளை சங்கங்களுக்கும் கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் செயலிகள் செய்யப் போகிறோம். கெடு வைப்பவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் நியாயமும் இருக்கும். அவர்களோடு சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ‘எதைக் குறைக்கலாம்’ என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுவோம். ஆனால் அந்த மேசையில் இல்லாத ஒருவரின் பெயரும் இலக்கமும் எங்கள் கையில் இருக்கிறது என்பதை நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அந்த 43 பேரில் பெரும்பாலானோர் மீண்டும் ஓடர் போட்டார்கள். இரவு அழைப்பு வந்தது என்று சொன்னவர் மட்டும் இன்றுவரை போடவில்லை. என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஒவ்வொரு ‘பிறகு’க்கும் பக்கத்தில் ஒரு திகதி இருக்கிறது.